சட்டத்துள் அமைந்த அன்னம்

பாடசாலைக் கைப்பணிக் காட்சிகளைப் பார்க்கச் செல்வோர் ஒரு குறையைப் பலமுறை கண்டிருப்பர். வட்டமான திண்டுறை ஒன்றில் மயில் தைக்கப்பட்டிருக்கும். நிறத்திலுந் தையலின் நேர்த்தியிலுங் குறை கூற இயலாது. ஆயினும், தோகை விளிம்பில் வெட்டுண்டிருக்கும். காலொன்று மடிப்பினுள் மறைந்திருக்கும். நீள்சதுரப் படமொன்றை வட்டத் துணியில் அப்படியே படியெடுத்ததன் விளைவு இது. பல வாரம் ஊசி பிடித்த கையின் உழைப்பு, தொடக்கத்தில் அரைமணி நேரஞ் சிந்தியாமையாற் பழுதாகின்றது. ஓர் உருவை வெவ்வேறு வடிவங்களுள் அமைக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

இவ்விடரை நம் ஈழநாட்டுப் பண்டைக் கைவினைஞர் நன்கு அறிந்திருந்தனர். அவர் கையாண்ட அன்னத்தையே சான்றாகக் கொள்வோம். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல் அரைவட்ட வடிவினது. அதில் அன்னங்கள் வளைந்த பட்டையொன்றினுள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. பட்டையின் வளைவுக்கேற்ப ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் சாய்ந்து நிற்கின்றது. அலகிற் பற்றிய தாமரைத் தளிர், ஒரு பறவைக்கும் மறு பறவைக்கும் இடையிலுள்ள வெறுமையை நிரப்புகின்றது. கண்டிக்கு அண்மையில், கதிர்காமத் தெய்வத்துக்குரிய எம்பெக்கே தேவாலயத்துக்குச் செல்லின், 14ஆம் நூற்றாண்டு மரத்தூண்களின் சதுரங்களில் அதே அன்னத்தைக் காணலாம். அங்கு அது நடக்கவில்லை. இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்தைப் பின்னி, சதுரத்தின் நடுவிடத்தைத் தமதாக்கி நிற்கின்றன. பறவை ஒன்றே, இடம் வேறாகவே நிலையும் வேறாயிற்று.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், இத்தகைய அலங்கார உருக்கள் பலவற்றை விளக்குகின்றது. இம்மரபின் உச்சநிலை என்று கூறத்தக்கவை, ஐந்து பெண்கள் இணைந்து குடமாகத் தோன்றும் பஞ்சநாரி கடமும், ஒன்பது பெண்கள் இணைந்து யானையாகத் தோன்றும் நவநாரி குஞ்சரமும் ஆகும். நவநாரி குஞ்சரம் தென்னிந்தியக் கோயிற் கலையிலும் உண்டு. இவற்றில் எந்தப் பெண்ணின் உடலும் வெட்டப்படவில்லை. பெண்களின் உடல்கள் வளைந்தும் இணைந்தும் அமையவேண்டிய உருவுக்கு இசைகின்றன.

இவற்றாற் பெறப்படும் விதி ஒன்று: ஓர் உருவில் மாறாத பகுதியும் நெகிழும் பகுதியும் உள. பறவையின் தலை, கழுத்து, மார்பு, கால் ஆகியவற்றின் அளவுகள் தம்முட் கொண்ட தொடர்பு கெடலாகாது. கெட்டாற் பறவையின் இயல்பே கெடும். வால், இறகு நுனி, கொடி, தளிர், பூ ஆகியன நீளவுஞ் சுருளவும் பொறுக்கும். ஆகவே, முதலில் மாறாத பகுதியைத் தக்க இடத்தில் நிறுத்துக. பின்னர் நெகிழும் பகுதியால் எஞ்சிய வெளியை நிரப்புக.

இனிச் செய்முறையை நோக்குவோம். வடிவம் மாறாது அளவு மட்டும் மாறின், கட்டமுறை போதும். 4 அங்குலச் சதுரப் படத்தில் அரையங்குலக் கட்டங்கள் பக்கத்துக்கு 8 வரைக. 6 அங்குலச் சதுரத்தில் முக்காலங்குலக் கட்டங்களும் பக்கத்துக்கு 8 ஆகும். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரையின் உருச் சிதையாது. ஆனால் அதே படத்தை 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமுங் கொண்ட துணிக்கு இழுத்து நீட்டினால், அன்னம் கொக்காகிவிடும். கேத்திரகணிதத்திற் கற்ற வடிவொப்பின் பயனை இங்கே காணலாம்.

கரை வேலைக்குக் கணக்கு வேண்டும். 36 அங்குலச் சதுர மேசைவிரிப்பின் ஒவ்வொரு மூலைக்கும் 3 அங்குலம் ஒதுக்கினால், பக்கமொன்றில் 30 அங்குலம் எஞ்சும். 4 அங்குல அன்னங்கள் 7 வைப்பின் 28 அங்குலம் ஆகும். மீதி 2 அங்குலத்தைக் கடைசியில் வெற்றிடமாக விடாது, மூலையோரங்கள் உட்பட 8 இடைவெளிகளுக்குங் காலங்குலமாகப் பங்கிடுக. மூலைக்குரிய கோலத்தைக் காண ஓர் எளிய வழி உண்டு. கரைப்படத்தின் மேல் ஒரு கண்ணாடியை 45 பாகைச் சாய்வில் நிறுத்தி நகர்த்திப் பார்த்தால், கரை திரும்பும் அழகு அதிலே தோன்றும். தக்க இடத்திற் கோடிடுக.

புள்ளடித் தையலில் துணியின் இழையே அளவுகோல். 70 தையல் அகலமுள்ள உரு, அங்குலத்துக்கு 14 தையல் கொள்ளுந் துணியில் 5 அங்குலமாகும். 10 தையல் கொள்ளுந் துணியில் 7 அங்குலமாகும். பனையோலைப் பன்னவேலையிலோ வளைகோட்டுக்கு இடமில்லை. ஓலை செல்லும் வழியே கோடும் செல்லவேண்டும். ஆதலின் அங்கே பூவும் படிப்படியாக ஏறி இறங்கும். அது குறைபாடன்று, அப்பொருளின் மொழி அதுவே.

தொடக்கத்திற் கண்ட மயிலுக்குத் திரும்புவோம். வட்டத்துணியில் அதனை நடுவே நிறுத்தி, தோகையை முதுகின்மேலாக விளிம்பையொட்டி வளைத்தால், ஓர் இறகும் வெட்டுண்ணாது. நீண்ட பட்டையாயின் தோகை பின்னே கிடந்து நீளட்டும். முக்கோணக் கொடியாயின் தலை கம்பத்தை நோக்கவுந் தோகை கூர்முனை நோக்கி ஒடுங்கவும் அமைக்கலாம். முருகனுக்குரிய ஊர்தியைக் கோயிற் றிரைச்சீலையில் தைப்போர்க்கு, இஃது அழகு மாத்திரமன்றி மரியாதையும் ஆகும்.

மாணவர்காள், சட்டம் என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் தருவது: படத்தைத் தாங்கும் மரச்சட்டமும் அது, நாம் ஒழுகும் விதியும் அது. சட்டத்துக்கு அஞ்சி உருவை வெட்டுவோரும், சட்டத்தை மறந்து உருவைச் சிதறவிடுவோரும் கைவினையின் இயல்பை உணராதவராவர். உயிர்ப்பகுதியை விட்டுக்கொடாது, நெகிழத்தக்கதை மட்டும் நெகிழ்த்தி, கிடைத்த இடத்துள் நிறைவாக நிற்க அந்த அன்னம் அறிந்திருந்தது. ஊசியையும் ஓலையையும் எடுக்குமுன் அதனிடம் அப்பாடத்தைக் கற்றுக்கொள்வோமாக.