புல் பிடித்த பாதை

கை டிராக்டர் வாங்கலாமா, நாலு சில்லுள்ள சின்ன டிராக்டர் வாங்கலாமா, ஏறி உட்கார்ந்தே புல் வெட்டுகிற மெஷின் நம்ம பக்கம் ஓடுமா என்று ஊர்ப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். சமதரையில் யாரோ ஓட்டுவதைப் போனில் பார்த்துவிட்டு வருகிற ஆசை. "மழைக்காலத்தில் உன் காணிப் பாதை எப்படி இருக்கும் தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் வண்டியைப் பற்றிப் பேச்சு.

எங்கள் ரம்புக்கனையின் நிலத்தை ரயில்பாதையே சொல்லிவிடும். கொழும்பிலிருந்து வருகிற இரட்டைத் தண்டவாளம் இங்கே முடிகிறது. இதற்கு மேல் கடுகண்ணாவ வரை ஒற்றைப் பாதை, ஒரே ஏற்றம். காணிகளும் அந்த மாதிரியே: அடியில் ஓடைக்கரை வயல், அதற்கு மேல் தென்னை, சரிவு தொடங்கியதும் இறப்பர், இடையிடையே மிளகும் பாக்கும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. வருடத்தில் பாதிக்கு மேல் எங்கள் செம்மண் ஈரத்தோடுதான் கிடக்கிறது. அந்த ஈரத்தில்தான் எரு ஏற்ற வேண்டும், விறகு இறக்க வேண்டும், தேங்காய் சுமக்க வேண்டும், இறப்பர் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மற்றதெல்லாம் ஒரு நாள் பொறுக்கும், பால் பொறுக்காது. காலையில் வெட்டி எடுத்த பால் வாளியிலேயே உறையத் தொடங்கிவிடும். சோடியம் சல்பைட் கலந்தால் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பாதை நடுவில் வண்டி புதைந்தால், நல்ல இறப்பர்ச் சீட்டாக வர வேண்டிய பால் ஒட்டுப்பால் விலைக்குப் போகும். பாதையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் காணிகளுக்கு இன்றைக்கும் பொருந்துகிற வண்டி, பின்னால் டிரெயிலர் பூட்டிய கை டிராக்டர். பழைய ஆட்கள் எந்தக் கம்பெனி வண்டியானாலும் லேண்ட்மாஸ்டர் என்றே சொல்வார்கள். 1950களில் அந்த லேண்ட்மாஸ்டரை வடிவமைத்தவர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. இங்கிலாந்தில் செய்து பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். எருமை செய்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்த அதே மனிதர், பிற்காலத்தில் மண்ணைக் கிளறாமல், மூடாக்கு வைத்து, சரிவுக்குக் குறுக்கே கிளிரிசீடியா வேலி வளர்த்துப் பயிர் செய்யச் சொல்லி 2010இல் இறக்கும் வரை வாதாடினார். அவருடைய வண்டியையும் வாதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் சரிவில் விவசாயம் செய்ய முடியும் என்பது என் நம்பிக்கை.

இப்போது பாதைக்கு வருகிறேன். வண்டி போகிற தடத்தில் புல் இருக்கக் கூடாது, செதுக்கிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுரண்டியால் செதுக்கிய பாதை மாசியில் முற்றம் மாதிரி அழகாக இருக்கும். ஜூனில் அதே இடத்தில் சில்லு அச்சு வரை இறங்கும். தரையோடு படர்கிற அகன்ற இலைப் புல்லின் வேர் மேல்மண்ணை வலை போலப் பிடித்து வைத்திருக்கிறது. சில்லு அந்த வலையின் மேல் ஏறிப் போகிறது. வேர் போனால் வெறும் களிதான் மிஞ்சும். அதனால் பாதைப் புல்லை நான் கொல்வதில்லை, நாலு விரல் உயரம் விட்டு வெட்டுகிறேன். கினிப் புல் போன்றவை குத்துக் குத்தாக வளர்ந்து நடுவில் வெறும் மண்ணை விட்டுவிடும். அவற்றை மட்டும் முள்ளு மம்பட்டியால் கிளப்பிவிட்டு, படர்கிற புல்லை வேரோடு கொண்டுவந்து ஒட்டினால் ஒரு மழைக்காலத்தில் மூடிவிடும்.

2015இல் கிளைபோசேட் களைக்கொல்லி இறக்குமதிக்குத் தடை வந்தபோது தோட்டங்கள் திணறின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட அந்த வருடங்களில் புல் வெட்டுகிற மெஷின் தெருவுக்குத் தெரு வந்தது. மருந்தடித்துக் கருகிப்போன பாதைகளில் புல் திரும்ப வந்ததையும், மழையில் அந்தப் பாதைகள் முன்பை விட உறுதியாக நின்றதையும் கண்ணால் பார்த்தவன் நான். இன்று மருந்து கிடைத்தாலும் பாதையில் அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புல் மட்டும் போதாது, தண்ணீரையும் பாதையில் ஓட விடக் கூடாது. ஏற்றப் பாதையில் ஒவ்வொரு முப்பது நாற்பது அடிக்கும் குறுக்கே, சற்றுச் சாய்வாக, சாண் உயர மேடு கட்டி, ஓடிவருகிற நீரைப் பக்கத்துக் கானுக்குள் திருப்ப வேண்டும். மேட்டின் மேல் சில்லு ஏறி இறங்குகிற மாதிரி அகலமாகக் கட்டினால் டிரெயிலர் குலுங்காது. கானில் சருகு அடைத்தால் மேடு இருந்தும் பலனில்லை. முதல் மழைக்கு முன்னால் மம்பட்டியோடு ஒரு நடை போய் வாருங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் தேங்காய் மட்டையைப் போட்டு நிரப்புகிறவர்கள் உண்டு. மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தென்னை அடியில் புதைக்க அருமையான பொருள், பாதைக்கு ஆகாது. கபுக் கல்லும் சில்லு ஏற ஏற நொறுங்கி மறுபடி சேறாகிவிடும். கருங்கல் துண்டைப் பரப்பி, இடுக்கில் சல்லி அடித்து, மேலே மண்ணும் புல்லும் ஒட்டுவதே நிற்கிறது.

பாதையை அகலமாக்க பெக்கோ கூப்பிட்டு மலையைச் சரித்து வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து வீடுகளை மூடியது எங்கள் கேகாலை மாவட்டத்தில்தான். சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பதற்குப் பிடி போய்விடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை கேட்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு வண்டி போகிற அகலம் இருந்தால் போதும், எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்க அங்கங்கே ஒரு திட்டு.

வண்டியை வெளியே எடுக்கலாமா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. பாதையில் மிக மோசமான இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே போய்க் குதிகாலை ஊன்றி அழுத்தி எடுப்பேன். பதிந்த தடத்தில் தண்ணீர் ஊறினால் அன்றைக்கு வண்டி இல்லை. பாலைக் கேனில் ஊற்றித் தோளில் கொண்டுபோவோம். ஒரு நாள் அவசரத்துக்காகக் கிழித்த தடம் ஆற மாதக்கணக்காகும்.

சரிவில் இறங்குவதுதான் இந்த வண்டியில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கை டிராக்டரின் இரண்டு பிடிகளுக்கும் கீழே ஒவ்வொரு கிளச் இருக்கும். சமதரையில் இடது கிளச்சை அமுக்கினால் இடது சில்லுக்கு எஞ்சின் விசை போகாது, வலது சில்லு தள்ள, வண்டி இடதுபக்கம் திரும்பும். இறக்கத்தில் கதை தலைகீழ். பின்னால் சுமை தள்ளிக்கொண்டு வருகிறது, எஞ்சின்தான் சில்லுகளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அப்போது இடது கிளச்சை அமுக்கினால் இடது சில்லின் பிடி விட்டுப்போய் அது வேகமாக உருளும், வண்டி வலதுபக்கம் பாயும். பயந்துபோய் இன்னும் இறுக்கி அமுக்குவார்கள், இன்னும் பாயும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வண்டி பழக வந்த பையனிடம் முதல் நாளே சொன்னேன்: "தம்பி, இறக்கத்தில் கிளச்சில் விரலே படக் கூடாது. பிடியைத் தள்ளித் திருப்பு." "அப்படின்னா வளைவுல எப்படி அண்ணே?" என்றான். வளைவுக்கு முன்பே வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் பதில். வெறும் டிரெயிலரோடு, சின்ன இறக்கத்தில், கிளச்சை அமுக்கிக் காட்டினேன். சில்லு எதிர்ப்பக்கம் இழுத்ததைக் கையில் உணர்ந்த பிறகு அவனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் கியர் மாற்றப் போனால் வண்டி கையை விட்டுப் போய்விடும். சேற்றுத் தண்ணீரில் முங்கிய பிரேக் சில நேரம் பிடிக்காது. சேறு தாண்டியதும் இரண்டு தரம் மிதித்துப் பாருங்கள். இரண்டு ஆப்புக்கட்டை டிரெயிலரிலேயே கிடக்கட்டும். சுமையை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தால் டிராக்டரின் சில்லு மண்ணைக் கவ்வும். பின்பக்கம் ஏற்றினால் இணைப்பு மேலே தூக்கி, சில்லு சுற்றிக்கொண்டே நிற்கும். புதைந்துவிட்டால் எஞ்சினை முறுக்காதீர்கள், குழி ஆழமாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. டிரெயிலரைக் கழற்றி, சில்லுக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டி, தென்னோலையும் மட்டையும் திணித்து மெதுவாக எடுங்கள். பாதைக்கு ஆகாத மட்டை இங்கே உதவும். ரோட்டில் ஓட்டுகிறவருக்கு ஜி1 வகை அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நாலு சில்லு டிராக்டரில் ஸ்லேஷர் பூட்டிப் புல் வெட்டுவது தென்னைக்குக் கீழே, தரை சமமாகவும் காய்ந்தும் இருந்தால் மிக நல்லது. குருநாகல் பக்கத்துத் தோட்டங்களில் அதுதான் வழக்கம். எங்கள் இறப்பர்ச் சரிவில் அதை ஏற்ற நினைக்கவே வேண்டாம், கவிழ்ந்துவிடும். கை டிராக்டருக்கு வயலில் இரும்புச் சில்லு. வயலை விட்டு ஏறியதும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாடுபட்டு வளர்த்த பாதைப் புல்லை அதுவே உழுதுவிடும்.

சரிவில் புல் வெட்ட, தோளில் மாட்டுகிற மெஷின்தான். சரிவுக்குக் குறுக்கே நடந்து வெட்டுங்கள், மேலும் கீழுமாக வேண்டாம். தகடு பெரும்பாலான மெஷின்களில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. வலமிருந்து இடமாக வீசினால் புல் வெட்டிய பக்கமே விழும். தகட்டின் வலது முன்பகுதி கட்டையிலோ கல்லிலோ பட்டால் மெஷின் உதைக்கும், கால் தடுமாறுகிற சரிவில் அது பெரிய ஆபத்து. 50 அடிக்குள் இன்னொருவர் நிற்கக் கூடாது. இளம் இறப்பர்க் கன்றின் அடியில் கை நீளத்துக்கு வட்டம் விட்டு, அந்த வட்டத்தைக் கையால்தான் பிடுங்க வேண்டும். நைலோன் கயிறு பட்டாலே தூரில் பட்டை உரிந்துவிடும். வரிசைகளுக்கு நடுவே பியூரேரியா மாதிரி மூடுபயிர் நன்றாகப் பிடித்த இடத்தில் வெட்டுகிற வேலையே குறைந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், மெஷினை முடுக்குவதற்கு முன் அந்தத் துண்டை நடந்து பார்த்துவிடுங்கள். குளவிக்கூடு புதருக்குள்ளும் இருக்கும், மரத்திலும் இருக்கும். சத்தத்துக்குக் குளவி கலைந்தால் தோளில் பட்டியோடு ஓட முடியாது. பட்டியை ஒரே இழுப்பில் கழற்றப் பழகியிருக்க வேண்டும்.

எரிபொருளையும் ரம்புக்கனைக்காரர்கள் மறக்க முடியாது. 2022 ஏப்ரல் 19இல், விலை உயர்வை எதிர்த்து ஊரே தெருவில் நின்றபோது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். அந்த வருடம் வண்டி இருந்தும் டீசல் இல்லாமல் எரு ஏறாமல் கிடந்த காணிகள் எத்தனையோ. அதிலிருந்து நான் நடைகளைச் சேர்த்துவைத்துப் போகிறேன்: மேலே எரு ஏறினால் கீழே விறகு இறங்கும், வெறும் டிரெயிலர் ஓடுவது அபூர்வம்.

கடைசியாக, சேற்றில் நிற்கிற நம் உடம்பு. எலிக்காய்ச்சல் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் வருடா வருடம் அதிகம். 2008இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோய் சந்தேகத்தோடு பதிவானார்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் இருக்கிற சின்னக் கீறல், அட்டை கடித்த புண், இவை சேர்ந்தால் போதும். வயலிலும் கானிலும் இறங்குகிற காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், உங்கள் உடல்நிலையைப் பார்த்து, வாரம் ஒருமுறை போடுகிற டொக்சிசைக்கிளின் குளிசையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகத் தருவார்கள். புண்ணை மூடிக் கட்டி, பூட்ஸ் போட்டு இறங்குங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் வேலை செய்தேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.