குப்பையிலிருந்து குடிநீர் வரை: நச்சுப்பொருள்கள் செல்லும் வழி

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் மருத்துவக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டிருந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். கழிவுகளோடு கிடந்த மருத்துவமனைத் தாள்களே, அவை திருவனந்தபுரத்திலிருந்து வந்தவை என்பதைக் காட்டிக்கொடுத்தன. மூன்று நாள்களுக்குள் அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது; டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்து வந்த லாரிகள் அவற்றை அள்ளத் தொடங்கின. "அதுதான் அள்ளியாயிற்றே, இனி என்ன டாக்டர்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

குப்பை எத்தனை நாள் கிடந்தது, அதன்மேல் எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பொறுத்ததே இதற்கான விடை. ஈரக் குப்பை அழுகும்போது அமிலங்கள் உண்டாகின்றன. மழைநீர் அவற்றோடு கலந்து கருங்கழிவு நீராகக் கசிகிறது. பேட்டரியிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அந்த அமிலநீரில் எளிதாகக் கரைகின்றன. களிமண் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் நம் பகுதியின் அடிநிலம் பெரும்பாலும் கடினப்பாறை. பாறையின் வெடிப்புகளுக்குள் நீர் இறங்கிவிட்டால், வடிகட்டுவதற்கு மண் இல்லை. அது நேரே கிணற்றுக்குச் சென்றுவிடும். நிலத்தின் மேல் ஓடும் நீரோ இன்னும் விரைவாகச் செல்லும். குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே நாம் எறிவது கீழே பிறர் குடிக்கும் நீரில் சேரும்.

குப்பையைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவோர் மிகுதி. என் கருத்தில், கொட்டுவதைவிட இது கேடானது. பி.வி.சி. குழாய்களில் குளோரின் உள்ளது. குறைந்த வெப்பத்தில் அவை புகைந்து எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. மருத்துவக் கழிவை எரிக்கும் உலையின் இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1050 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்துவது இதனால்தான். தெருமுனைத் தீயில் அந்த வெப்பம் வராது. டையாக்சின் சாம்பலோடு புல்லில் படிகிறது. புல்லை மேயும் மாட்டின் கொழுப்பில் தங்கிப் பாலில் வெளிப்படுகிறது. மண்ணைக் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டையிலும் சேர்கிறது.

பாதரசத்தின் வழி வேறு. கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய உடைந்த கண்ணாடியில் ஒட்டியிருந்த பாதரசம், ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த உலோகம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றில் பரவி, மழையோடு இறங்கி, நீர்நிலையின் சேற்றை அடையும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். சிறுமீனிலிருந்து பெருமீனுக்குச் செல்லச் செல்ல அதன் செறிவு பெருகும். கருவிலுள்ள குழந்தையின் மூளையையே அது முதன்மையாகத் தாக்குகிறது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956இல் வெளிப்பட்ட நோய் இத்தகையதே.

உங்கள் வீட்டில் பழைய பாதரச வெப்பமானி உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்து வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும். ஆகவே மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் துளிகள் சிதறி ஆவி மிகும். கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, சிறிது நீருள்ள புட்டியில் இட்டு இறுக மூடுங்கள். கழிவறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மிஞ்சிய மாத்திரைகளையும் அங்கே போடாதீர்கள். எதிருயிரி மருந்து கலந்த கழிவுநீரில், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளே பிழைத்துப் பெருகுகின்றன. இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது செவிலியரிடம் ஒப்படையுங்கள். ஊசிகள் வெள்ளைக் கலத்திலும் காலாவதியான மருந்துகள் மஞ்சள் பையிலும் சேர்க்கப்பட்டு, தனியே அனுப்பப்படும்.