கொம்பன் சென்ற வழி

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, இடையே முல்லைப் பெரியாற்று நீரால் வளங்கொழிக்கும் வயல்களும், தென்னந்தோப்புகளும், திராட்சைப் பந்தல்களும். இதுவே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 2023ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் காலையில், கம்பம் நகரத் தெருக்களில் ஆண் காட்டியானை ஒன்று விரைந்து சென்றது. மக்கள் அஞ்சி ஓடினர். நகரில் 144 தடையுத்தரவு பிறந்தது. யானையின் வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் காயமுற்றுச் சில நாள்களில் உயிர் நீத்தார்.

அவ்யானையின் பெயர் அரிக்கொம்பன். அரிசியைத் தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்தமையால் கேரளத்துச் சின்னக்கானல் மக்கள் இட்ட பெயர் இது. அதே ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கேரள வனத்துறையினர் மயக்க மருந்து செலுத்தி அதனைப் பிடித்தனர். கழுத்தில் கருவி பொருத்திய பட்டையைப் பூட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். மனிதர் வகுத்த எல்லையை யானை அறியுமோ? சில நாள்களில் அது மேகமலைப் பக்கம் வந்துவிட்டது. இருள் சூழ்ந்த காட்டில் அது எங்குள்ளது என்பதை அறியத் துணையாய் நின்றது அப்பட்டையே.

பட்டை இடத்தை அறிவது எங்ஙனம்? மின்னலைக் கண்டு மூன்று விநாடி கழித்து இடியோசை கேட்டால், இடி விழுந்த இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்போம். இங்கும் அதே முறைதான். புவிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், அணுக் கடிகாரங்கள் காட்டும் நேரத்தை வானொலி அலைகளில் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அலை புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரியும். ஆயினும் பட்டையிலுள்ள எளிய கடிகாரம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும்! அப்பிழையையும் கணக்கிட்டு நீக்கவே நான்காவது கோள் தேவைப்படுகிறது.

ஒவ்வொரு கோளும் தான் செல்லும் பாதையைப் பற்றிய குறிப்பையும் 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இடையே இலைக்கூரை அலையை மறைத்தால், கருவி மேலும் காத்திருக்க நேரும், மின்கலம் தேயும். மின்கலத்தை மாற்றுவதற்கோ யானையை மறுபடியும் மயக்கவேண்டும், அஃது எளிதன்று. கடலாமையின் நிலை இன்னும் அரிது. மூச்சு விட அது நீர்மேல் வருவது சில விநாடிகளே. ஆதலின் அதற்குப் பூட்டும் சில கருவிகள், விநாடியின் சிறு பகுதியில் கிடைக்கும் எண்களை மட்டும் பற்றி, கணக்கிடாமலே அனுப்பிவிடுகின்றன. கணக்கைக் கரையிலுள்ள கணிப்பொறி செய்கிறது. கோள்களின் பாதை அதற்கு முன்பே தெரியும்.

அவ்வெண்கள் குறையுடையவை. கோளின் குறியலை ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வருவது. அந்நேரத்தில் ஒளி 300 கிலோமீட்டர் சென்றுவிடும். எனவே தொலைவை 300ஆல் வகுத்தால் வரும் மீதி மட்டுமே அவ்வெண்ணிலிருந்து தெரியும், ஈவு தெரியாது. மணி முள் ஒடிந்து, நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம் போன்றது இது. வெயிலின் நிலையைப் பார்த்து மணியை ஊகிப்பவர், நிமிடத்தை முள்ளில் காண்பார் அல்லரோ? அதுபோல் நேற்று விலங்கு இருந்த இடத்தைக் கொண்டு ஈவை ஊகித்து, மீதியைக் கொண்டு சரியான இடத்தை வரையறுக்கின்றனர். ஒரே நாளில் நூற்றைம்பது கிலோமீட்டர் கடக்கும் ஆமையும் இல்லை, யானையும் இல்லை.

மலைநாட்டில் வேறு தொல்லைகளும் உண்டு. பள்ளத்தாக்கில் வானின் ஒரு பகுதியை மலை மறைத்துவிடும். பாறையில் பட்டுத் திரும்பும் அலை சுற்றுவழியில் வருதலின் தொலைவை மிகைப்படுத்திக் காட்டும். இவற்றினும் பெரிது ஒன்று: படத்தில் தோன்றும் புள்ளி யானை இருந்த இடமேயன்றி, இருக்கும் இடம் அன்று. இரு செய்திகளுக்கு இடைப்பட்ட பொழுதில் அது தோப்பையும் சாலையையும் கடந்துவிடும். ஆகவே வனத்துறையினர் புள்ளியை மட்டும் நம்பியிராது, காலடித் தடத்தையும் ஒடிந்த கிளைகளையும் தேடிப் பின்தொடர்ந்தனர்.

ஜூன் 5ஆம் நாள் சின்ன ஓவுலாபுரம் அருகே அரிக்கொம்பன் மீண்டும் பிடிபட்டது. மறுநாள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்த மேல் கோதையாற்றுக் காட்டில் அதனை விட்டனர். செப்டம்பரில் அது மாஞ்சோலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் அருகே வந்தது. அப்போதும் வனத்துறையினர் பட்டை தரும் செய்தியை நோக்கியவாறே அதனைக் கண்காணித்து நின்றனர்.