ஸ்டிக்கரை நம்பாதே

மாத்தளை

அன்பு மகளுக்கு,

உயர்தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் எடுக்கப்போகிறாய் என்று அப்பா சொன்னார். சந்தோசம். டவுனில் பார்த்து வைத்திருக்கும் பழைய கொம்பியூட்டரின் படமும் வந்தது. முன்பக்கத்தில் ‘கோர் ஐ5’ ஸ்டிக்கர் பளபளக்கிறது. அதைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதே. 2011இல் வந்த ஐ5-2400உம் ஐ5தான், பத்து வருடம் கழித்து வந்ததும் ஐ5தான். தலைமுறையை அந்தக் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்தான் சொல்லும். 2400 என்றால் இரண்டாவது, 8400 என்றால் எட்டாவது. எட்டாவதுக்கு முந்திய இன்டெல் செயலிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

இனி, கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத விசயத்துக்கு வருகிறேன். வேகம் செயலியில் மட்டும் இல்லை. நீ ‘அ’ தட்டினால் உள்ளே எழுத்துப் போவதில்லை. எந்த விசை அழுந்தியது என்று மட்டும் விசைப்பலகை சொல்லும். மென்பொருள் அதை எண்ணாக்கும். யுனிகோட்டில் ‘அ’ என்பது 2949. பூச்சியமும் ஒன்றுமாக எழுதினால் 101110000101. அது ராமில் போய் உட்காரும். செயலி ராமிலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், என்ன கட்டளை என்று அறியும், செய்யும், விடையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். பிறந்ததிலிருந்து அதற்கு இந்த ஒரே வேலைதான்! 3 கிகாஹேர்ட்ஸ் செயலியின் கடிகாரம் செக்கனுக்கு 300 கோடி தடவை துடிக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கின் தட்டோ நிமிடத்துக்கு 7200 தடவைதான் சுற்றுகிறது. அது ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் இரண்டரைக் கோடித் துடிப்புகள் கடந்துபோகும். தரவு வரும்வரை உன் வேலை அப்படியே நிற்கும். ஆகவே மிச்சக் காசை, சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் போடு. ராம் 8 ஜிபியாவது வேண்டும். 4 ஜிபி நிரம்பினால் கொம்பியூட்டர் மீதியை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். பிறகு நத்தை வேகம்தான். டிடிஆர்3 தாய்ப்பலகையில் டிடிஆர்4 ராம் பொருந்தாது, அதையும் கேட்டுக்கொள்.

மிளகு காயப்போடும் முற்றத்துப் பக்கம் பெட்டியை வைக்காதே. விசிறியில் தூசு அடைத்தால் செயலி சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ராமில் இருப்பது கரண்ட் போனால் போயிற்று, டிஸ்கில் எழுதியதுதான் மிஞ்சும். நம்மூர் அலுவிகாரைக் கதையும் இதுதான். பிக்குகள் மனனம் செய்தே காத்துவந்த திரிபிடகத்தை, பஞ்சத்திலும் போரிலும் அவர்களோடு சேர்ந்து அழிந்துவிடுமோ என்று பயந்து, கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதினார்கள். 1848 கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் நூலகமே அழிந்தது. ஆனாலும் பிரதிகள் வேறு இடங்களில் இருந்ததால் பிடகம் பிழைத்தது. உன் பாடக்குறிப்புகளுக்கும் பென் டிரைவில் ஒரு பிரதி வை, அதைப் பெட்டியிலேயே செருகி வைக்காதே. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ரத்தோட்டைப் பக்கம் பின்னேரம் இடி குமுறத் தொடங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடு, ரவுட்டரின் வயரையும் சேர்த்து. யூபிஎஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதே, நேரடி மின்னலுக்கு அது ஈடுகொடுக்காது.

காசு கொடுக்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல். மாட்டேன் என்றால் வேறு கடை பார்.

அன்புடன்,
பெரியப்பா