அறிந்த தொழிலில் முதலிடுதல்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் திருக்கோயிலாற் சிறப்புற்ற இவ்வூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தின் செல்வம் பருத்தி. அண்டையூராகிய இராசபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார்.

பெருந்தொழிலுக்குப் பெருமுதல் வேண்டும். ஒருவரால் இயலாததனைப் பலர் கூடி இயற்றும் வழியே பங்கு முறை. வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனி, பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகளால் 10 இலட்ச ரூபாய் திரட்டத் திட்டமிட்டது. பங்கு வாங்கியவர் அத்தொழிலின் உடைமையாளருள் ஒருவராகின்றார். இலாபத்திலும் இழப்பிலும் அவருக்குக் கூறு உண்டு.

எம் ஊரில் பருத்தி வணிகர் ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பு மிகுதியாகப் பெறாதவர்; எனினும், பஞ்சைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தே இழையின் நீளத்தையும் ஈரத்தையும் கூறிவிடுவார். நூற்பாலைப் பங்கு வாங்குமுன் அவர் மூன்று செய்திகளை ஆராய்வார். ஆலை எப்பருவத்தில் பஞ்சு வாங்குகின்றது? பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் இடையே செலவு போக எஞ்சுவது யாது? கடனுக்கு எவ்வளவு வட்டி செலுத்துகின்றது? இவற்றுக்கு விடை கண்ட பின்னரும் கைப்பொருளில் ஒரு பகுதியையே முதலிடுவார்.

யானோ, கணிப்பொறித் தொழிற் பங்குகள் விண்ணளாவ உயர்ந்த 2000-ஆம் ஆண்டில், பிறர் சொற்கேட்டு ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். அஃது யாது செய்து, யாருக்கு விற்றுப் பொருளீட்டுகின்றது என்பதை யான் அறியேன். என் மகளின் கல்விக்கெனச் சேர்த்த பொருள் அது. அவ்வாண்டிலேயே விலை சரிந்தது. விற்பதா, பொறுத்திருப்பதா எனத் துணிய இயலாது கலங்கினேன், பெரும்பகுதியை இழந்தேன். வணிகரின் பங்குகளும் ஒருமுறை விலை குறைந்தன. பஞ்சு விலையின் ஏற்றமே காரணம் என்றும், அடுத்த அறுவடையில் அது தணியும் என்றும் அறிந்து அவர் அமைதியாக இருந்தார். இருவர்க்கும் இறக்கம் வந்தது. காரணம் அறிந்தவர் ஒருவரே.

மாணவர்களே! பேரறிஞர் நியூட்டனும் 1720-இல் தென்கடற் கம்பெனிப் பங்குகளிற் பெரும்பொருள் இழந்தார். கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்த அறிவு அங்கே துணை நிற்கவில்லை. ஈண்டு மற்றொன்றும் நினைவிற் கொள்க. ஒரு பொருளைப் பயன்படுத்துதல் வேறு; அத்தொழிலை அறிதல் வேறு. நாள்தோறும் பேருந்திற் செல்வோர் அனைவரும் பேருந்துத் தொழிலின் வரவு செலவு அறிந்தவராகார்.

வள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தன் வலிமையின் எல்லையை அறிந்து, அறியாத துறையை 'அறியேன்' எனக் கூறி விலகுதலும் அறிவுடைமையே ஆகும்.

வினாக்கள்

1. பருத்தி வணிகர் ஆராய்ந்த மூன்று செய்திகள் யாவை?
2. விலை குறைந்தபோது இருவர் நிலையும் வேறுபட்டது ஏன்?
3. நீ நன்கு அறிந்த உள்ளூர்த் தொழில் ஒன்றில் இலாபம் பிறக்கும் வழியை விளக்கி எழுதுக.