ராகு காலத்தில் ஒரு முகூர்த்தம்

ஆயிரம் கல்யாணப் பத்திரிகை. வெள்ளிக்கிழமை காலை 9.00 முதல் 10.30 வரை முகூர்த்தம். அச்சாகி வந்ததோ 10.30 முதல் 12.00 என்று. டிடிபி போட்ட பையன் பழைய பத்திரிகை ஒன்றின் ஃபைலைத் திறந்து பெயர்களை மாற்றியிருக்கிறான், நேரத்தை மாற்ற மறந்துவிட்டான். அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் நான். வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகு காலம் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பெண்ணின் தாய்மாமன் பத்திரிகைக் கட்டை மேசைமேல் வீசிவிட்டுக் கத்தினார். முதலாளி என் பக்கம் திரும்பி, “உங்க கொள்கையை என் பொழப்புல காட்டாதீங்க சார்” என்றார்.

நான் மறுக்கவில்லை. எங்கள் வீடு கருப்புச் சட்டை வீடு. அம்மா கழுத்தில் தாலி கிடையாது, சுயமரியாதைத் திருமணம். 1921-இல் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்த கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். (பிற்காலத்தில் மதுவிலக்கை அவர் ஏற்கவில்லை என்பதையும் படித்து வைத்திருந்தேன். பகலில் தென்னை மரக் கதை, ராத்திரியில் பிற்காலக் கருத்து என்று இரண்டையும் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வேன்.) அப்படிப்பட்டவன் ராகு காலத்தை வேண்டுமென்றே விட்டிருப்பான் என்று முதலாளி நினைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தப் ப்ரூஃபைப் பார்த்த மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கட்டிங் உள்ளே போயிருந்தது. குடிகாரன் என்று கேவலப்படுவதைவிட நாத்திகன் என்று திட்டு வாங்குவது கௌரவம்தானே.

குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏஏ கூட்டங்களுக்குப் போய், அவர்களுடைய பன்னிரண்டு படிகளைச் செய்துதான் விட்டேன். கடவுள் நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ‘அங்கே போனால் சாமி கும்பிடச் சொல்வார்களாமே’ என்று தயங்குகிற என் சாதிக்காரர்களுக்காக, அதாவது நம்பாதவர்களுக்காக, இதை எழுதுகிறேன். என் பெயர் இங்கே இருக்காது. பத்திரிகையில் உறுப்பினர் தன் பெயரை வெளியிடுவதில்லை என்பது ஏஏயின் மரபு.

முதல் தடவை போனது ஒரு தேவாலயத்துப் பள்ளிக்கூட வகுப்பறைக்கு. ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். கரும்பலகையில் அழிக்காத பதினாறாம் வாய்ப்பாடு. பக்கத்தில் பன்னிரண்டு படிகளும் அச்சடித்த ஒரு துணி தொங்கியது. தொழில் புத்தி, எண்ணிப் பார்த்தேன். ஆறு படிகளில் கடவுள், அல்லது அவரைக் குறிக்கும் ஏதோ ஒரு சொல். பாதிக்குப் பாதி. கூட்டம் முடிகையில் எல்லோரும் எழுந்து பிரார்த்தனை சொன்னார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. திரும்பி வராமல் இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது! அன்று ராத்திரி ஒரு குவார்ட்டர் வாங்கி அதைக் கொண்டாடினேன்.

இரண்டாவது தடவை போனது எட்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு. யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் கை நடுங்கிக் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. ஆகவே எந்தப் படிக்கும் முந்திய படி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பிறழ்ந்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரும் போகலாம். டாக்டரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் குடியை மறக்கடிக்கும் மாத்திரை என்று எதையாவது வாங்கி அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கிற வேலையும் வேண்டாம். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் விபரீதமாகிவிடும்.

அந்த வகுப்பறையில்தான் அண்ணன் கிடைத்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் சமயபுரம் போகிறவர். நெற்றி நிறையத் திருநீறு. ஏஏயில் ஒவ்வொருவரும் ஒரு மூத்தவரை ஸ்பான்சராக, வழிகாட்டியாக வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவர்தான். அவரிடம் நான் முதலில் சொன்னதே, “அண்ணே, எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது” என்றுதான். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

“என்ன வேலை தம்பி?”

“மெய்ப்புப் பாக்குறேன்.”

“நீயே ஒண்ணு எழுதுனா, அதை நீயே திருத்துவியா?”

“மாட்டேன்ணே. எழுதுனவன் கண்ணு ஏமாத்தும். இருக்கிறதைப் படிக்காது, இருக்கணும்னு நெனைச்சதைப் படிக்கும்.”

“எங்க ஒர்க்‌ஷாப்புலயும் அப்படித்தான். பிரேக்கை மாட்டுனவனே சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட முடியாது. வேற ஒருத்தன் பாக்கணும். சரி, குடிக்கலாமா வேணாமாங்கிற கணக்கை மட்டும் நீயே எழுதி நீயே சரி பாத்துக்கிறியே, எப்படி?”

என் இரண்டாம் படி அந்த நிமிடம் முடிந்துவிட்டது. நம்மைவிடப் பெரிய சக்தி ஒன்று நம்மைத் தெளிய வைக்கும் என்று நம்பத் தொடங்குவதுதான் இரண்டாம் படி. அந்தச் சக்தி வானத்தில் இருக்க வேண்டுமென்று எங்கும் போடவில்லை. என் கண்ணுக்குத் தப்புகிற பிழையைப் பிடிக்கிற இன்னொரு ஜோடிக் கண் போதும். பெஞ்சில் இருந்த ஒன்பது பேரிடம் பதினெட்டுக் கண்கள் இருந்தன. ‘ஒரு பீர்தானே’ என்று நான் ஆரம்பித்தால், அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பகுத்தறிவாளனுக்கு இதில் ஒரு அடி உண்டு, அதை வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆதாரம் கேட்பவன் நான் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ‘இனி அளவாகக் குடிப்பேன்’ என்ற கருதுகோளைப் பத்தொன்பது வருடம் சோதித்து, ஒவ்வொரு முறையும் தோற்ற பிறகும் விடாமல் நம்பியவனும் நான்தான். இதைவிட மூடநம்பிக்கை எங்கள் தெருவில் யாரிடமும் இருக்கவில்லை.

பிறகு வரலாற்றைத் தேடிப் படித்தேன். நம்மைப் போன்றவர்களுக்கு அது உதவும். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் 1935-இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது ஏஏ. ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் மடியில் பிறந்ததால் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1939-இல் அவர்களுடைய புத்தகம் வந்தபோது, ஜிம் பர்வெல் போன்ற நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் சண்டை போட்டதால்தான் கடவுள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அவரவர் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற பொருள்படும் அடைமொழி சேர்ந்தது. ஒரு திருத்தக்காரனாகச் சொல்கிறேன், நவீன காலத்தில் இத்தனை உயிரைக் காப்பாற்றிய இடைச்செருகல் வேறு இருக்காது. உறுப்பினராவதற்கு அவர்கள் கேட்கும் ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நாத்திகர்களுக்கென்றே 1975-இல் சிகாகோவில் தனிக் குழு தொடங்கிவிட்டார்கள். நம்பாத உறுப்பினர்களின் அனுபவங்களை ஏஏயின் சொந்தப் பத்திரிகையே 2018-இல் ‘ஒன் பிக் டென்ட்’ என்று புத்தகமாகப் போட்டது. ஆகவே நீங்கள் கள்ளத்தனமாக நுழைந்தவர் இல்லை, தைரியமாக உட்காரலாம்.

உட்கார்ந்தபின் விவாதம் செய்யாதீர்கள். முதல் ஆறு மாதம் நான் செய்தேன். ஒரு பெரியவர் அழுதுகொண்டே முருகன் தன்னைக் காப்பாற்றியதைச் சொல்லும்போது, நான் மனதுக்குள் மறுப்புரை தயாரித்துக்கொண்டிருந்தேன். அவர் எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போனார், எந்த வழியாக வீட்டுக்குத் திரும்பினால் கடை கண்ணில் படாது என்று சொன்ன பகுதியெல்லாம் என் காதில் விழவே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். இப்போது முருகனைத் தாண்டிப் படித்துக்கொள்கிறேன்.

பிரார்த்தனைக்கு எழுந்து நிற்பேன். மாற்ற முடியாததை ஏற்கிற அமைதி, முடிந்ததை மாற்றுகிற துணிச்சல், இரண்டையும் பிரித்தறிகிற அறிவு இவற்றைக் கேட்கிற பிரார்த்தனை அது. முதலில் வரும் விளியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன். அண்ணனைத் தவிர வேறு ஒருவரும் கண்டுகொண்டதில்லை. அவரும், “ஒத்தை எழுத்தை விட்டா பத்திரிகை செல்லாதா என்ன” என்று சிரித்தார்.

“நம்பாதவன் என்றைக்கிருந்தாலும் திரும்பக் குடிப்பான்” என்று ஒரு சீனியர் முகத்துக்கு நேராகச் சொன்னதும் உண்டு. கோபம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். எங்கள் குழுவில் வழுக்கி விழுந்தவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள். அதற்காகப் பக்திதான் குடிக்க வைத்தது என்றும் சொல்ல மாட்டேன், நம் ஊரில் பெரும்பாலோர் பக்தர்கள், அவ்வளவுதான். 2020-இல் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏஏயும் அதை ஒட்டிய சிகிச்சைகளும் மற்ற முறைகளைவிடக் குறைந்தவை அல்ல, சிலவற்றில் மேல் என்று சொன்னது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஹார்வர்டு பேராசிரியர் ஜான் கெல்லி, இது எப்படி வேலை செய்கிறது என்றும் தனியே ஆராய்ந்தவர். பழகும் ஆட்கள் மாறுவது அதில் பெரிய பங்கு என்று அவர் காட்டியிருக்கிறார்.

அதற்கு ஹார்வர்டு வரை போக வேண்டியதில்லை. கார்த்திகை மாதம் எங்கள் அச்சகத்தைப் பார்த்தால் போதும். பைண்டிங் பிரிவில் தினமும் குடிக்கிற இரண்டு பேர் மாலை போட்டால் 48 நாள் தொட மாட்டார்கள். மாலை கழற்றிய அன்று சாயங்காலம் கடையில் இருப்பார்கள். அதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அந்த 48 நாளும் டீக்கடைக்காரர் அவர்களை “சாமி” என்கிறார். மனைவி “சாமி” என்கிறாள். கறுப்பு வேட்டியில் டாஸ்மாக் வாசலுக்குப் போனால் வரிசையில் நிற்பவனே விரட்டுவான். தெரு முழுக்க மெய்ப்புப் பார்க்கிறது. கழற்றுகிற நாள் இல்லாத மாலை கிடைத்தால் அவர்களும் விட்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்தது. (கறுப்புத் துணி எங்கள் வீட்டுக்கும் புதிதல்ல. அப்பா இருந்திருந்தால் இந்த ஒப்புமைக்கு என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்.)

பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடை டாஸ்மாக். எனக்கு ஆபத்தான நேரம் ஆறரை முதல் எட்டு வரை. பசி, களைப்பு, கையில் காசு. நம்பிக்கை உள்ளவர் அப்போது மந்திரம் சொல்வார், நான் போன் போடுவேன். ஏங்கும்போது மட்டும் போட்டால் கை வராது என்பதால், ஒன்றும் இல்லாத நாளிலும் தினம் ஒருவருக்குப் பேசிப் பழகிக்கொண்டேன். முன்கூட்டியே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுவதும் பெரிய தத்துவம்தான்.

பிரார்த்தனையும் தியானமும் சொல்கிற பதினோராம் படிக்கு, விடிகாலையில் அம்மா மண்டபப் படித்துறையில் போய் உட்கார்கிறேன். சுற்றிலும் தர்ப்பணம் நடக்கும், எள்ளும் தண்ணீரும் காவிரியில் போகும். நான் நோட்டைத் திறந்து முந்தின நாளைத் திருத்துவேன். யாரிடம் எரிந்து விழுந்தேன், எங்கே பொய் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் மந்திரம் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று இப்போது நினைப்பதில்லை.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது ஐந்தாம் படி. செய்த தவறுகளைக் கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுளிடம் ஒப்புக்கொள்வது சுலபமாகத்தான் இருக்கும், அவர் மறுநாள் டீக்கடையில் எதிரே வந்து நிற்க மாட்டார். அண்ணன் நிற்பார். நாற்பது பக்க நோட்டை அவரிடம் படித்தேன். மனைவியின் சீட்டுப் பணத்தை எடுத்தது, மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகாமலேயே போய்வந்ததாகச் சொன்னது எல்லாம் இருந்தது. ராகு காலப் பத்திரிகையும் இருந்தது. மற்றதற்கெல்லாம் பேசாமல் இருந்தவர், அந்த இடத்தில் நிறுத்தினார்.

“இதை மொதலாளிகிட்ட சொல்லிட்டியா?”

“பழைய கதைண்ணே. கொள்கைன்னே நெனைச்சுட்டுப் போறாரு.”

“அப்ப உங்கப்பா சட்டைல தொடைச்சுட்டு வந்திருக்க.”

காயப்படுத்தியவர்களுக்கு ஈடு செய்வது ஒன்பதாம் படி. மறுஅச்சுக்கு அன்று ஆன செலவு ஒன்பதாயிரம் ரூபாய். நான்கு மாதம் சேர்த்து, கவரில் போட்டு எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அன்று குடித்திருந்தேன், கொள்கை எதுவும் இல்லை, கண்ணில் படவே இல்லை.

அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியும் சார். ரூமுக்குள்ள வந்தப்பவே வாசனை.”

“அப்புறம் ஏன் கொள்கைன்னு சொன்னீங்க?”

“அந்தாளு முன்னாடி குடிச்சிருக்கீங்கன்னு சொல்லியிருந்தா, மறுநாள் வேலைக்கு வந்திருப்பீங்களா?”

பணத்தை எண்ணிப் பார்த்து டிராயரில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரு ப்ரூஃபை நீட்டினார். கல்யாணப் பத்திரிகை, திங்கட்கிழமை முகூர்த்தம். மேசைக்குத் திரும்பினேன். பெயர்களை ஒருமுறை, ஊர்களை ஒருமுறை படித்தேன். சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, ராகு காலம் எத்தனை மணிக்கு என்று பார்த்தேன்.