பிறப்பு குற்றமாகாது

அன்புள்ள கயல்,

சட்டக் கல்லூரியில் குற்றவியல் பாடம் தொடங்கிவிட்டதாகவும், மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதற்கு ஆளுக்கொரு கோட்பாடு சொல்வதால் குழம்புவதாகவும் எழுதியிருந்தாய். எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், அதைச் சட்டமாக்கினால் யார் தலையில் விடியும் என்று யோசித்துப் பார். பாதி தெளிவு வந்துவிடும்.

1764-இல் இத்தாலியரான பெக்காரியா, குற்றத்தின் அளவுக்கே தண்டனை இருக்க வேண்டும் என்றார். தண்டனை கடுமையாக இருப்பதைவிட, தப்ப முடியாததாக இருப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் வாதம். 1876-இல் அதே நாட்டு மருத்துவர் லொம்பிரோசோ, மண்டையோட்டையும் தாடையையும் அளந்து, பிறவிக் குற்றவாளிகள் உண்டு என்று எழுதினார். செயலை விட்டுவிட்டு ஆளை எடைபோடத் தொடங்கினார்கள்.

அந்த நூல் வருமுன்பே, ஆங்கிலேய அரசு 1871-இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. குலத்தொழில் போலக் குற்றமும் வழிவழியாக வரும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் எனப் பல சமூகங்கள் பட்டியலில் ஏறின. மதுரைப் பக்கம் அதை ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். எந்தத் தப்பும் செய்யாதவரும் பெயரைப் பதிந்து, விரல் ரேகை வைக்க வேண்டும். இரவில் வெளியூர் போக ‘ராத்திரிச் சீட்டு’ வாங்க வேண்டும். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் எண்ணம் ஒழியவில்லை. சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளை நீக்க, 2024-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

சதர்லாந்தையும் கவனமாகப் படி. குற்றம் சேர்க்கையால் கற்றுக்கொள்ளப்படுவது என்றவர் அவர். பெரிய நிறுவனங்களில் உயர்பதவியில் இருப்பவர்களின் மோசடிகளையும் குற்றமாகவே பார்க்கச் சொன்னார். குற்றத்துக்கு வறுமைதான் வேர் என்ற விளக்கம் அதில் ஆட்டம் கண்டது.

நாளை நீ வழக்காடும்போது, “இவன் பழைய கேடி, சரித்திரப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது” என்பார்கள். இந்தச் சம்பவத்தில் இவன் செய்தது என்ன, அதற்குச் சாட்சி என்ன என்று கேள். பதில் வரும்வரை விடாதே.

அன்புடன்,
பெரியப்பா